வளியும் எரிபொருளும்: மோட்டார் எஞ்சினின் கலவை விகிதத்தைச் செம்மையாக அளத்தல் பற்றிச் சில குறிப்புக்கள்

மோட்டார் எஞ்சினைச் சீர்செய்து அதன் முழு ஆற்றலையும் வெளிக்கொணர முனைவோர் கையாளும் எண்களுள் தலையாயது வளி-எரிபொருள் விகிதமாகும். உருளைக்குள் புகும் வளியின் திணிவை அதனுடன் கலக்கும் எரிபொருளின் திணிவால் வகுக்கக் கிடைப்பது அது. இன்று உள்ளங்கையளவான கருவியொன்று இவ்வெண்ணைத் தசமதானத்துடன் ஒளிரக் காட்டுகின்றது. 12.6 என்கின்றது; அடுத்த கணம் 12.8 என்கின்றது. அவ்வெண்ணை நம்பியே எஞ்சினின் கணினியிலுள்ள எரிபொருள் அட்டவணை திருத்தப்படுகின்றது.

ஆயின் அக்கருவி வளியை நிறுப்பதுமில்லை, எரிபொருளை நிறுப்பதுமில்லை. எரிந்து முடிந்த கழிவு வாயுவில் ஒட்சிசன் எவ்வளவு மிஞ்சியுள்ளது, அன்றி எவ்வளவு பற்றாமற் போயுள்ளது என்பது ஒன்றையே அது உணர்கின்றது. அங்கிருந்து விகிதம் வரையுள்ள வழி முழுவதும் எடுகோள்களாலானது. அவ்வெடுகோள்களுள் ஒன்று பொய்த்தாலும் எண் ஒளிர்வது நிற்காது. அது தவறான எண்ணாக ஒளிரும். இவ்வழியின் ஒவ்வொரு படியையும் விளக்கி, பிழை எங்கெங்கே புகுகின்றது எனக் காட்டுவதே இக்கட்டுரையில் நாம் மேற்கொள்ளும் பணியாகும்.

விகிதத்தின் பொருள்

பெற்றோல் தனியொரு சேர்வையன்று. பல ஐதரோகாபன்களின் கலவை. விளக்கத்தின் பொருட்டு ஒக்ரேனை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறொன்றில் 8 காபன் அணுக்களும் 18 ஐதரசன் அணுக்களும் உள்ளன. அது முற்றாக எரிந்து 8 காபனீரொட்சைட்டு மூலக்கூறுகளும் 9 நீர் மூலக்கூறுகளும் ஆவதற்கு 12.5 ஒட்சிசன் மூலக்கூறுகள் வேண்டும். திணிவில் கூறின், 114 கிராம் ஒக்ரேனுக்கு 400 கிராம் ஒட்சிசன். வளியின் திணிவில் ஒட்சிசனின் பங்கு ஏறத்தாழ 23.2 சதவீதமாகலின், 400 கிராம் ஒட்சிசனைப் பெறுவதற்கு 1724 கிராம் வளி தேவைப்படுகின்றது. எனவே ஒக்ரேனுக்குரிய பீசமான விகிதம் 15.1 ஆகும். கடையிற் கிடைக்கும் பெற்றோலில் ஐதரசன் குறைந்த சேர்வைகளும் கலந்திருப்பதால் அவ்விகிதம் சற்றுக் குறைந்து ஏறத்தாழ 14.7 ஆகின்றது.

எதனோலை நோக்குவோம். அதன் 46 கிராம் எரிவதற்கு 96 கிராம் ஒட்சிசனே போதும். எதனோல் தன் மூலக்கூறிலேயே ஒட்சிசன் அணுவொன்றைச் சுமந்து வருகின்றது. எனவே அதன் விகிதம் 9.0. பத்துச் சதவீதம் எதனோல் கலந்த பெற்றோலுக்கோ ஏறத்தாழ 14.1. ஆகவே 14.7 என்பதை இயற்கையின் மாறிலி போற் கருதுதல் தவறாகும். அது ஓர் எரிபொருளுக்குரிய எண். எரிபொருள் மாற எண்ணும் மாறும்.

இவ்விடர்ப்பாட்டை நீக்கவே உள்ள விகிதத்தைப் பீசமான விகிதத்தால் வகுத்து, அவ்வீவை இலம்டா என வழங்குவர். இலம்டா 1 எனில் வளியும் எரிபொருளும் ஒன்றுக்கொன்று சரியாக அமைந்துள்ளன. 1இற் குறைந்தால் எரிபொருள் மிகுந்த செறிந்த கலவை. 1இற் கூடினால் வளி மிகுந்த ஐதான கலவை. எந்த எரிபொருளாயினும் இப்பொருள் மாறாது.

விகிதம் பிழைத்தால் நேர்வது

பெற்றோல் எஞ்சின் இலம்டா 0.85 முதல் 0.9 வரையான வீச்சில் உச்ச வலுவைத் தருகின்றது. உருளைக்குள் வளியும் எரிபொருளும் ஒருபோதும் முற்றாகக் கலப்பதில்லை. எரிபொருள் சற்று மிகுந்திருந்தாற்றான் உட்புகுந்த ஒட்சிசன் முழுவதும் பயன்படும். மாறாக, எரிபொருளைச் சிக்கனப்படுத்த வேண்டுமெனில் வளி சற்று மிகுந்திருத்தல் வேண்டும். அப்போது இலம்டா 1.05 அளவில் அமையும். அதற்கும் அப்பால் ஐதாக்கினால் சுவாலை மெதுவாகப் பரவி, ஈற்றில் எரிபற்றலே தவறிப்போகும்.

பாரம் மிகுந்த வேளையிற் கலவை ஐதாகுமானால் விளைவு கடுமையானது. செறிந்த கலவையில் மிகுதியான எரிபொருள் ஆவியாகி உருளையைக் குளிர்விக்கின்றது. அது குறையவே வெப்பநிலை உயர்கின்றது. சுவாலை சென்றடையுமுன் கலவையின் எஞ்சிய பகுதி தானே வெடிக்கின்றது. தட்டொலி எனப்படும் இந்நிகழ்வு நீடித்தால் பிஸ்ரனின் தலை அரிக்கப்பட்டு உருகிவிடும். கலவை அளவுக்கு மிஞ்சிச் செறியுமிடத்து எரியாத பெற்றோல் உருளைச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிச் செல்கின்றது; காபன் முற்றாக ஒட்சியேறாமற் காபனோரொட்சைட்டு மிகுகின்றது. இலம்டா 0.9 அளவிற் கழிவு வாயுவின் ஏறத்தாழ 4 சதவீதம் இந்நச்சு வாயுவேயாகும். நிறமும் மணமுமற்ற இவ்வாயு, குருதியின் ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் பிணைகின்றது. மூடிய பட்டறையொன்றில் எஞ்சினை ஓடவிட்டு அளவீடு செய்வோர் இதனை ஒரு கணமும் மறத்தலாகாது.

ஊக்கி பொருத்திய வண்டிகளில் இன்னுமொரு நெருக்கடி உளது. காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும் ஒட்சியேற்றவும், நைதரசன் ஒட்சைட்டுக்களைத் தாழ்த்தவும் அவ்வூக்கி ஒருங்கே வல்லதாவது, இலம்டா 1ஐச் சூழ்ந்த ஏறத்தாழ ஒரு சதவீத இடைவெளியில் மட்டுமே. முதலிரண்டுக்கும் ஒட்சிசன் வேண்டும். மூன்றாவதற்கு ஒட்சிசன் இருத்தலாகாது. இம்முரண்பாடே செம்மையான அளவீட்டை ஆய்வுகூடத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது.

காதும் கண்ணும்

கருவிகள் வருமுன்னர் பட்டறைக் கலைஞர் காதாலும் கண்ணாலும் அளந்தனர். பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்ப்பர். கரி படிந்திருந்தாற் செறிவு, சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் ஐது, இளங்கபிலமாயிருந்தாற் செம்மை. காபுரேற்றரின் திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, எஞ்சினின் ஓசை எங்கே ஏறி எங்கே தளர்கின்றது எனச் செவிமடுப்பர். இம்முறைகளை இகழ்தற்கில்லை. எனினும் பிளக்கின் நிறம் பல நிமிட ஓட்டத்தின் சராசரியையே காட்டும். ஈயமற்ற பெற்றோல் வந்தபின் அந்நிறங்களும் முன்போற் தெளிவாய் இல்லை.

எம் மண்ணின் அனுபவமொன்று இங்கு நினைவுகூரத்தக்கது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. அவ்வாண்டுகளில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபுரேற்றருக்குச் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இரசாயனக் கணக்கின்படி மண்ணெண்ணெயின் பீசமான விகிதம் ஏறத்தாழ 15. பெற்றோலினின்று அதிகம் வேறுபடாது. அவ்வாறாயின் அது ஏன் குளிர்ந்த எஞ்சினில் எரிய மறுத்தது? பெற்றோலின் இலகுவான கூறுகள் 40 பாகை செல்சியசை ஒட்டியே ஆவியாகத் தொடங்க, மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 150 பாகைக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்குகின்றது. உட்சென்ற திரவம் ஆவியாகாமற் குழாய்ச் சுவரில் நனைந்து நின்றது. உட்செலுத்திய விகிதம் வேறு. எரிந்த விகிதம் வேறு. இவ்வுண்மையை நூலிற் கல்லாமலே எம் பட்டறைக் கலைஞர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். நவீன உணரியைக் கையாள்வோரும் இதே வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டியிருப்பதைப் பின்னர் காண்போம்.

நேர்ண்ஸ்ற்றின் கலம்

உணரியின் வரலாறு ஒரு விளக்கில் தொடங்குகின்றது. 1897இல் ஜேர்மானிய இரசாயனவியலாளர் வால்ட்டர் நேர்ண்ஸ்ற், சேர்க்கோனியம் ஒட்சைட்டுடன் இற்றியம் ஒட்சைட்டைக் கலந்து சுட்ட கோலொன்றை விளக்கிழையாகப் பயன்படுத்தினார். குளிர்ந்திருக்கையில் மின்னைக் கடத்தாத இச்செரமிக் பொருள் சூடேறியதும் கடத்தலாயிற்று. இற்றியம் புகுந்த படிக அமைப்பில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடங்கள் சில வெறுமையாகின்றன. அவ்வெற்றிடங்களினூடே ஒட்சிசன் அயன்கள் இடம்பெயர்வதே அக்கடத்தலுக்குக் காரணம்.

இப்பொருளின் இருபுறமும் நுண்டுளையுள்ள பிளாற்றின மின்வாய்களைப் பூசி, ஒருபுறம் வெளி வளியும் மறுபுறம் கழிவு வாயுவும் படுமாறு வைத்தால் ஒரு மின்கலம் அமைகின்றது. அதன் அழுத்தம் இருபுறத்து ஒட்சிசன் பகுதியமுக்கங்களின் விகிதத்தினது மடக்கைக்கு நேர்விகிதசமமாகும். 1889இல் நேர்ண்ஸ்ற் நிறுவிய சமன்பாடே இது. 1000 கெல்வின் வெப்பநிலையில் இக்கணக்கைச் செய்து பார்ப்போம். கலவை ஐதாயிருந்து கழிவு வாயுவில் 1 சதவீதம் ஒட்சிசன் எஞ்சினால், கலத்தின் அழுத்தம் 0.07 வோல்ற்றை எட்டாது. கலவை செறிந்திருப்பின் பிளாற்றினத்தின் மேல் சமநிலை எய்தும் ஒட்சிசனின் பகுதியமுக்கம் 10இன் மறை 19ஆம் அடுக்களவு வளிமண்டலமாக வீழ்கின்றது, அழுத்தம் 0.9 வோல்ற்றுக்கு எழுகின்றது. இலம்டா 1ஐத் தாண்டும் மிகச் சிறு இடைவெளியில் ஒட்சிசன் அமுக்கம் பதினேழு அடுக்குகள் வீழ்வதால் அழுத்தம் படிக்கட்டுப் போல் பாய்கின்றது.

1970இல் ஐக்கிய அமெரிக்காவில் திருத்தப்பட்ட தூய வளிச் சட்டம், வண்டிகளின் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் 90 சதவீதத்தாற் குறைக்குமாறு விதித்தது. அச்சமூகத் தேவையே பழைய கலத்துக்குப் புதிய தொழிலைத் தந்தது. 1976இல் பொஷ் நிறுவனம் ஆக்கிய இலம்டா உணரி, கலிபோர்னியாவில் விற்பனைக்கு வந்த சுவீடன் நாட்டு வொல்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது.

இவ்வுணரி 0.45 வோல்ற்றை எல்லையாகக் கொண்டு “செறிந்தது” அல்லது “ஐதானது” எனத் தீர்ப்புரைக்க வல்லது. எவ்வளவு செறிந்தது என்பதற்கு அதனிடம் நம்பத்தகுந்த விடையில்லை. செறிந்த பக்கத்தில் 0.85 வோல்ற்றுக்கும் 0.90 வோல்ற்றுக்குமிடையிலான சிறு வேறுபாடு கலவையால் எழுந்ததா, உணரியின் வெப்பநிலையால் எழுந்ததா எனப் பிரித்தறிய இயலாது. உச்ச வலுவுக்காக இலம்டா 0.87ஐ நாடுவோர் இவ்வுணரியின் வோல்ற்றளவைக் கொண்டு விகிதம் கூறுவது, படியொன்றின் விளிம்பில் நின்று சமவெளியின் தூரத்தை அளப்பதை ஒக்கும்.

அகலவீச்சு உணரி

1990களிற் புழக்கத்துக்கு வந்த அகலவீச்சு உணரி இக்குறையைத் தீர்த்தது. அதன் தத்துவத்தைத் தராசொன்றினால் விளக்கலாம். உணரிக்குள் ஒரு நுண்ணிய அறை உண்டு. கழிவு வாயு ஒடுக்கமான பரவற்றடையொன்றினூடாக அதனுட் கசிகின்றது. அறையின் ஒரு சுவர் நாம் மேலே கண்ட நேர்ண்ஸ்ற் கலம். அது தராசின் முள். மறுசுவரும் அதே பொருளாலானது. எனினும் அதனூடே மின்னோட்டத்தைச் செலுத்தி ஒட்சிசனை அறையிலிருந்து வெளியேற்றவோ உட்புகுத்தவோ முடியும். இது பம்புக் கலம். முள் எப்போதும் 0.45 வோல்ற்றில், அஃதாவது இலம்டா 1இல், நிற்குமாறு கட்டுப்பாட்டுக் கருவி பம்பின் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கின்றது. ஒட்சிசன் மிஞ்சினால் வெளியேற்றுகின்றது, பற்றாவிடின் ஊட்டுகின்றது. அவ்வாறு வேண்டப்படும் ஓட்டமே தட்டில் இட்ட படிக்கல். அது மில்லியம்பியர் அளவினது. அதன் அளவும் திசையும் இலம்டாவைத் தெரிவிக்கின்றன.

இலம்டா சரியாக 1 ஆகும்போது பம்பின் ஓட்டம் பூச்சியமாகின்றது. எனவே பரவற்றடையின் அளவிலோ பெருக்கத்திலோ உள்ள பிழை அப்புள்ளியிற் பாதிப்பதில்லை. 1இலிருந்து விலக விலகப் பிழை வளர்கின்றது. உச்ச வலுவுக்கான செறிந்த வீச்சிலேயே சீர்செய்வோர் பெரிதும் வேலை செய்கின்றனர் என்பதை நோக்குமிடத்து இதன் முக்கியத்துவம் விளங்கும்.

பிழைகள் பிறக்குமிடங்கள்

முதலாவது, எரிபற்றல் தவறுதல். நான்கு உருளைகளுள் ஒன்றில் பொறி தவறியதெனக் கொள்வோம். அதனுட் சென்ற வளியும் பெற்றோலும் எரியாமலே வெளியேறுகின்றன. உணரியின் பிளாற்றினம் அப்பெற்றோலின் ஒரு பகுதியை மட்டுமே எரிக்கவல்லது. எஞ்சிய ஒட்சிசனைக் கண்டு கருவி “ஐதானது” என்கின்றது. அதனை நம்பி எரிபொருளைக் கூட்டினால், ஏற்கெனவே செறிவால் நனைந்த பிளக் மேலும் நனையும். கருவி மேலும் ஐது என்னும். எண் ஐதெனக் கூற எஞ்சின் குலுங்கிக் கரும்புகை கக்குமாயின், எண்ணைவிட எஞ்சினையே நம்புதல் வேண்டும்.

இரண்டாவது, வளிக்கசிவு. கழிவுக் குழாயில் அமுக்கம் துடிப்புத் துடிப்பாக அமைவது. இரு துடிப்புக்களிடையே அமுக்கம் தாழும் கணத்தில், உணரிக்கு முன்னுள்ள வெடிப்பு அல்லது தளர்ந்த இணைப்பினூடாக வெளிவளி உறிஞ்சப்படுகின்றது. சும்மா ஓடும் வேளையில் இப்பிழை பெரிது. வேகம் கூடக்கூடக் குறையும். சும்மா ஓடுகையில் மட்டும் ஐதெனக் காட்டும் எஞ்சினில் முதலிற் சோதிக்க வேண்டியது கழிவுக் குழாயின் இணைப்புக்களையே.

மூன்றாவது, காலத்தாமதம். நிமிடத்துக்கு 3000 சுற்றுக்களில் உருளையொன்றின் முழுவட்டம் 40 மில்லிசெக்கன் எடுக்கும். 800 சுற்றுக்களில் 150 மில்லிசெக்கன். அதன்மேல் வாயு குழாயைக் கடக்கும் நேரமும் உணரி துலங்கும் நேரமும் சேர்கின்றன. ஆகவே திரையிற் காணும் எண் கடந்துபோன ஒரு கணத்துக்குரியது. வேகத்தை வலிந்து கூட்டும் வேளையில் எடுத்த எண்ணை அக்கணத்துக்குரிய அட்டவணைக் கட்டத்தில் எழுதினால் தவறான கட்டம் திருத்தப்படும். மேலும், வேகந்தூண்டும் கணத்தில் எரிபொருளின் ஒரு பகுதி உட்குழாய்ச் சுவரில் ஈரமாகத் தங்குகின்றது. மண்ணெண்ணெய்க் காரின் பாடம் இங்கு மீண்டும் எழுகின்றது: செலுத்தியது வேறு, எரிந்தது வேறு. எனவே பாரத்தையும் வேகத்தையும் சில செக்கன் நிலையாக வைத்து, எண் அமைதியுற்ற பின்னரே அதனைக் குறித்தல் முறையாகும்.

நான்காவது, ஒப்பமைவு. சில கருவிகள் உணரியை வெளிவளியில் வைத்து, அதன் ஒட்சிசனை 20.9 சதவீதமெனக் கொண்டு தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. அவ்வெண் உலர்ந்த வளிக்குரியது. வெப்பநிலை 30 பாகையும் ஈரப்பதன் 80 சதவீதமுமான எம் நாட்டு நண்பகலில் நீராவி 3 சதவீதத்துக்கும் மேலான இடத்தைப் பிடிக்க, ஒட்சிசன் ஏறத்தாழ 20.2 ஆகக் குறைகின்றது. கழிவு வாயு நிறைந்த பட்டறைக்குள் இதனைச் செய்தால் பிழை இன்னும் பெருகும். வேறு உணரிகளில் பரவற்றடையின் சிறு வேறுபாட்டை ஈடுசெய்யும் தடையொன்று இணைப்பியினுள்ளேயே வைக்கப்பட்டுள்ளது. இணைப்பியை வெட்டியெறிந்து கம்பிகளை முறுக்கிச் சேர்ப்போர் உணரியின் அடையாளத்தையே எறிந்துவிடுகின்றனர்.

ஐந்தாவது, மின்னிணைப்பு. 0 முதல் 5 வோல்ற்று வரை விகிதம் 10 முதல் 20 வரை எனக் காட்டும் கருவியில், புவியிணைப்பிலுள்ள 0.1 வோல்ற்று வேறுபாடு விகிதத்தை 0.2 ஆல் மாற்றும். கருவியின் திரையும் எஞ்சின் கணினியும் வெவ்வேறு எண்களைக் காட்டுமாயின் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஆறாவது, அளவைமுறை. எதனோல் பத்துச் சதவீதம் கலந்த எரிபொருளில் இலம்டா 0.88 எனில் உண்மையான விகிதம் 12.4. பெற்றோலுக்கு ஒப்பமைத்த கருவியோ 12.9 என்னும். எஞ்சின் அறிவது இலம்டாவையே. ஆகவே நாமும் இலம்டாவிற் பேசுவதே தகும்.

இவற்றோடு உணரியைப் பேணுதலும் வேண்டும். ஈயமும் சிலிக்கோன் பசையின் ஆவியும் அதனை நஞ்சூட்டுகின்றன. ஏறத்தாழ 780 பாகைக்குச் சூடேறும் செரமிக் மீது குழாயில் ஒடுங்கிய நீர்த்துளி பட்டால் அது வெடிக்கும். எனவே உணரியைக் குழாயின் அடிப்புறத்தில் அன்றி, மேற்புறத்தே சாய்வாகப் பொருத்துவர். சூடாக்கி இயங்காமல் அதனைக் குழாயில் விட்டு எஞ்சினை ஓட்டினால் கரி படிந்து கெடும். சுழலியால் அமுக்கமூட்டும் எஞ்சின்களில் சுழலிக்கு முன்னுள்ள உயரமுக்கம் பம்பின் ஓட்டத்தை மாற்றுமாகலின், உணரியைச் சுழலிக்குப் பின்னரே வைத்தல் முறை.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, விகிதத்தை அளத்தல் என்பது கருவியொன்றை வாங்குவதோடு முடிவதன்று. ஒரே உணரி நான்கு உருளைகளின் சராசரியையே தருகின்றது. மூன்று செறிந்தும் ஒன்று ஐதாகவும் இருப்பினும் எண் செம்மையாய்த் தோன்றும், ஐதான அவ்வொன்றின் பிஸ்ரனே உருகும். ஆகவே உணரியின் எண்ணை, பிளக்கின் நிறத்தோடும் எஞ்சினின் ஓசையோடும் தட்டொலியின் அறிகுறியோடும் ஒப்புநோக்குவதே அறிவார்ந்த செயல். பழைய கலைஞரின் காது பயனற்றுப் போகவில்லை. கருவியின் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்யும் பணி அதற்கு இன்று வாய்த்துள்ளது.

இவ்வளவீட்டுக்கும் சமூகத்துக்குமுள்ள உறவையும் சுட்டுதல் வேண்டும். ஈயம் ஊக்கியைக் கெடுப்பதாலேயே ஈயமற்ற பெற்றோல் முதலிற் பரவலாயிற்று. அதன் பேறாகக் குழந்தைகளின் குருதியில் ஈயம் குறைந்தது. இலங்கை 2002இல் ஈயப் பெற்றோலைக் கைவிட்டது. உலகில் அதனை இறுதியாகக் கைவிட்ட நாடு அல்ஜீரியா, ஆண்டு 2021. இலங்கையில் 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கியது. அப்பரிசோதனையில் தேறுவதற்காக ஒருநாள் மட்டும் திருகாணியைத் திருப்பி மறுநாள் பழைய இடத்துக்கு மீட்பது எளிது. அவ்வண்டியின் புகையைச் சுவாசிப்போர் சந்தியில் நிற்கும் பொலிஸ்காரரும் தெருவோர வியாபாரியும் பள்ளிச் சிறாருமே. வண்டியின் சொந்தக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செல்கின்றார்.

கருவிகள் அந்நிய நாடுகளிலிருந்து வருகின்றன. அவற்றின் பின்னுள்ள தத்துவமோ எவருக்கும் உரியது. எம் பள்ளிகளின் உயர்தர இரசாயன வகுப்பிற் கற்பிக்கப்படுவது. நேர்ண்ஸ்ற்றின் சமன்பாட்டைப் பரீட்சைக்காக மனனம் செய்யும் மாணவனும், உணரியைக் கழற்றி மாட்டும் பட்டறை இளைஞனும் ஒருவரையொருவர் அறியாமலே வாழ்கின்றனர். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே எண்ணைப் பற்றி உரையாடும் நாளில், அவ்வெண்ணின் பொருள் இருவருக்கும் முழுமையாக விளங்கும்.